மின்வாகனப் பங்குகள்: விற்பனைப் பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். மின்சார வாகன நிறுவனங்களின் பங்குகளை வாங்கிவைக்க இதுவே தருணம் என்ற பொருளில் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெட்ரோல் வண்டிகளின் இடத்தை மின்வாகனங்கள் படிப்படியாகப் பிடித்து வருகின்றன என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை; காரைக்குடி செக்காலைச் சாலையில் சிறிது நேரம் நின்றாலே அது தெரிந்துவிடும். ஆனால் வண்டி விற்கிறது என்பதிலிருந்து, அதைச் செய்பவருக்கும் அவரிடம் பணம் போட்டவருக்கும் லாபம் வந்தே தீரும் என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் ஒரே தாவலில் போய்விடுகிறார். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவர் தாண்டிச் சென்ற அந்த இடைவெளியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

போச்சம்பள்ளியில் ஆலை அமைத்துள்ள ஓலா எலெக்ட்ரிக்கின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2023-24ஆம் நிதியாண்டில் ஏறக்குறைய 3.29 லட்சம் வண்டிகளை ஒப்படைத்த அந்நிறுவனம், அடுத்த ஆண்டில் 3.59 லட்சம் வண்டிகளை ஒப்படைத்தது. விற்பனைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது வளர்ச்சி. ஆனால் அதே காலத்தில் வருவாய் சுமார் 5,010 கோடி ரூபாயிலிருந்து 4,514 கோடியாகக் குறைந்தது. நிகர நட்டமோ 1,584 கோடியிலிருந்து 2,276 கோடியாக உயர்ந்தது. 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்கு, அதே மாதத்தில் 157 ரூபாய்வரை ஏறி, சில மாதங்களிலேயே வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியது. ஏறிய வேகத்தைப் பார்த்து உச்சியில் வாங்கியவர்களில் நம் பக்கத்து ஓய்வூதியர்களும் உண்டு.

கூடுதலாக விற்றும் வருவாய் குறைந்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. டி.வி.எஸ்., பஜாஜ், ஏத்தர், ஹீரோ என ஆளுக்கொரு விலைக் குறைப்போடு களத்தில் நிற்கும்போது எவராலும் விலையைத் தாங்கிப் பிடிக்க முடியாது. இவர்களுள் பழைய நிறுவனங்கள் பெட்ரோல் வண்டியில் ஈட்டும் லாபத்தைக் கொண்டு மின்வண்டியின் நட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். மின்வண்டியை மட்டுமே நம்பியிருக்கும் நிறுவனம் பங்குதாரர் போட்ட முதலீட்டைத் தின்றுதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரசு மானியமும் முன்போல இல்லை: 2023 மே வரை பேட்டரியின் ஒரு கிலோவாட் மணித் திறனுக்கு 15,000 ரூபாயாக இருந்த இருசக்கர வாகன மானியம், 2025 ஏப்ரலில் 2,500 ரூபாயாகிவிட்டது. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பெட்ரோல் இருசக்கர வாகனங்களின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டதால், 5 விழுக்காடு வரி செலுத்தும் மின்வண்டிக்கு இருந்த விலை அனுகூலமும் சுருங்கியது.

எங்கள் செட்டிநாட்டுக்கு இது புதிய பாடமன்று. பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார் நெல் விளையும் நிலங்களை நம்பிக் கடன் கொடுத்தார்கள். 1930இல் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது, பணம் வரவில்லை. அந்நாட்டின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை, 1938இல் ஏறக்குறைய 25 விழுக்காடாகப் பெருகியது. பிறகு அதுவும் போயிற்று. உலகம் அரிசி உண்பதை நிறுத்திவிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

தொழில்நுட்ப மாற்றம் இன்னொரு கவலை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடியில் அமைந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரிலேயே இருப்பதால், பேட்டரி ஆராய்ச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வண்டியின் அடக்கவிலையில் பெரும்பகுதி பேட்டரிக்கே போகிறது. அதன் விலை உலக அளவில் குறையும்போது எல்லா நிறுவனங்களுக்கும் சேர்ந்தே குறைவதால், அந்த ஆதாயம் போட்டியில் கரைந்து வாடிக்கையாளரைச் சென்றடைகிறது. வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சிதான், நானும் அடுத்த வண்டியை மின்வண்டியாகவே வாங்குவேன். பங்கு வாங்குவது வேறு.

எல்லா நிறுவனங்களும் ஒன்று என்று நான் வாதிடவில்லை. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஏத்தரின் நட்டம் 2023-24இல் இருந்த சுமார் 1,060 கோடியிலிருந்து மறு ஆண்டில் 812 கோடியாகக் குறைந்தது. 2025இல் 321 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட அதன் பங்கு அவ்வாண்டிலேயே வெகுவாக ஏறியது. இருப்பினும் அது நட்டத்திலிருந்த நிறுவனம் என்பதை வாங்குபவர் அறிந்து வாங்க வேண்டும். லாபம் ஈட்டும் டெஸ்லாவுக்கே, 2022இல் நூறு ரூபாய் வருவாய்க்கு ஏறக்குறைய 17 ரூபாயாக இருந்த செயல்பாட்டு லாபம், சீன நிறுவனங்களுடனான விலைப் போட்டிக்குப் பின் 2024இல் 7 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் வெளியிடும் மின்வாகன விற்பனைப் பட்டியலில், ஒவ்வொரு நிறுவனத்தின் கடைசிக் காலாண்டு லாப நட்டத்தையும் கையிருப்புப் பணத்தையும் இரண்டு பத்திகளாகச் சேர்த்து வெளியிடுங்கள். புதிய பங்கு வெளியீடு வரும்போது, திரட்டப்படும் தொகையில் எவ்வளவு நிறுவனத்துக்குச் செல்கிறது, எவ்வளவு பழைய பங்குதாரர்கள் விற்று வெளியேறுவதற்குச் செல்கிறது என்பதையும், நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பக்கங்களுக்குள் கிடக்கும் இடர்ப்பாடுகள் பகுதியின் சுருக்கத்தையும், விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முன்பாகத் தமிழில் தந்தால் என் போன்ற வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்