முள்ளைப் பார், பிறகு பெயர் வை

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய மென்பவளப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் கலந்த பழுப்பில், விரல் விரலாக எழும்பி நிற்கும் புற்று, அதாவது ஒன்றாக ஒட்டி வாழும் குட்டி உயிர்களின் கூட்டம். சைனுலேரியா என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கோப்புக்குப் "புது இனம்" என்று பெயர் வைத்திருக்கிறாயே, அதை இப்போதைக்கு மாற்றிவிடு. அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே நூற்றைம்பதுக்கு மேல் இனங்கள் இருக்கின்றன. ஆழமும் நீரோட்டமும் மாறினால் ஒரே இனம் ஓரிடத்தில் குட்டையாகவும் இன்னோரிடத்தில் நெட்டையாகவும் வளரும். படத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

முதலில் லென்ஸ் வைத்துப் பாலிப்புகளை, அதாவது புற்றிலுள்ள அந்தக் குட்டி உயிர்களைப் பார். எட்டுக் கைகளோடு எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சைனுலேரியா பக்கம் போகலாம். பெரியவற்றுக்கு நடுவே கைகளே இல்லாத குட்டிப் புள்ளிகளும் தெரிந்தால் அது சார்கோபைட்டான் அல்லது லோபோபைட்டம் என்ற வேறு பேரினம். புற்று சுருங்கிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அதனால் ஆல்கஹாலில் போடுமுன் மக்னீசியம் குளோரைடு கரைத்த நீரைக் கடல்நீரோடு கலந்து அதில் தளர விடு. நிறமும் ஆல்கஹாலில் போய்விடும் என்பதால், அளவுகோல் வைத்த படத்தைக் கடலுக்கடியிலேயே எடுத்துக்கொள்.

புற்றை விரலோடும் அடித்தண்டோடும் சேர்த்து வெட்டியிருக்கிறாய்தானே? நுனி விரல் மட்டும் இருந்தால் வேலைக்கு ஆகாது. 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு பங்கு, டி.என்.ஏ.வுக்கென 95 சதவீதத்தில் சிறு துண்டு. சதையிலிருந்து நீர் இறங்கி ஆல்கஹால் நீர்த்துப்போகும், மறுநாளே மாற்றிவிடு. ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். நாளாக ஆக அது அமிலமாகி, நாம் பார்க்கவேண்டிய, சதைக்குள் இருக்கும் சுண்ணாம்பு முள்களையே அரித்துவிடும். சீட்டைப் பென்சிலில் எழுதி பாட்டிலுக்கு உள்ளே போடு. பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து வெறும் நீலத் தண்ணீர்தான் மிஞ்சும்.

இனி முள்கள். ஸ்கிளிரைட் என்கிற இந்தச் சுண்ணாம்புத் துணுக்குகள்தான் மென்பவளத்தின் கைரேகை. ஐந்து இடங்களிலிருந்து தனித்தனியாக எடு: விரலின் மேல்தோல், விரலின் உள்சதை, தண்டின் மேல்தோல், தண்டின் உள்சதை, பாலிப். ஒவ்வொன்றுக்கும் வேறு பிளேடு, வேறு குழாய். மேல்தோலோடு உள்சதை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும், இல்லாத முள் அங்கே இருப்பதாக எழுதிவிடுவாய். இந்தத் தவறு அச்சிலேயே ஏறியிருக்கிறது.

மூன்று நான்கு மில்லிமீட்டர் துண்டு போதும். அதன்மேல் சோடியம் ஹைப்போகுளோரைட் ஊற்று. சாதாரண ப்ளீச்தான், ஆனால் புதிதாக வாங்கு, வெயிலில் கிடந்த பழைய பாட்டிலுக்கு வீரியம் இருக்காது. நுரை அடங்கிச் சதை கரைந்ததும் அப்படியே தெளிய விட்டு, மேல்நீரை மட்டும் பிப்பெட்டால் எடு. பிறகு காய்ச்சி வடித்த நீரில் நாலைந்து முறை கழுவு. அவசரப்பட்டால் பாலிப்பின் பொடி முள்கள் மேல்நீரோடு போய்விடும், "பாலிப்பில் முள் இல்லை" என்று நீயும் எழுதிவிடுவாய். கழுவல் குறைந்தாலோ ப்ளீச்சின் உப்பு கட்டம் கட்டமாகப் படிந்து படத்தைக் கெடுக்கும். குழாயைக் குலுக்காதே, நீண்ட முள்கள் உடையும். கடைசிக் கழுவலை ஆல்கஹாலில் செய்து உடனே உலர்த்து. நீரிலேயே நாள்கணக்கில் கிடந்தால் முள்ளின் மேலுள்ள மருக்கள் மழுங்கிவிடும்.

மேல்தோலில் கதாயுதம் போலத் தலை பருத்த சிறு முள்கள் கிடைக்கும், பெரும்பாலும் 0.1, 0.2 மில்லிமீட்டர். அந்தத் தலையில் நடுமரு இருக்கிறதா, இருந்தால் அதைச் சுற்றி மற்றவை எப்படி அமைந்திருக்கின்றன என்று குறித்துக்கொள். இனங்களைக் குழுவாகப் பிரிப்பது அங்கேதான் தொடங்குகிறது. தண்டின் உள்சதையில் இருப்பவை இரு முனையும் கூர்ந்த கதிர்கள், சில மில்லிமீட்டர் நீளம்கூட வரும், வெறுங்கண்ணுக்கே தெரியும். அழகான ஒன்றை மட்டும் படம் பிடிக்காமல், ஒவ்வோர் இடத்திலும் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் அளந்து எழுது. ஒரே புற்றோடு நிறுத்தாதே, நாலைந்திலாவது பார்.

ஒப்பிட, மென்பவள ஆய்வாளர் வெர்செவெல்ட் 1980இல் சைனுலேரியாவுக்குச் செய்த மறுஆய்விலிருந்து தொடங்கு. அதற்கு முந்தைய விளக்கங்கள் பல இரண்டு வரியும் ஒரு கோட்டோவியமும்தான். சந்தேகம் வந்தால், அந்த இனத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையான மூல மாதிரியின் முள்களை அருங்காட்சியகத்தில் கேட்டுப் பெறுவதைத் தவிர வழியில்லை. டி.என்.ஏ. உன்னை இதிலிருந்து காப்பாற்றும் என்று நினைக்காதே. மென்பவளம் உட்பட எட்டுக் கை கொண்ட பவளங்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மிக மெதுவாகத்தான் மாறுகிறது. அதிலுள்ள எம்.டி.மட்எஸ் மரபணு ஒன்றாக இருப்பதால் இனமும் ஒன்று என்றாகாது, செல்லின் உட்கருவிலுள்ள 28எஸ் மரபணுவையும் சேர்த்துப் பார்.

அத்தனையும் தாண்டி அது புதியதாகவே நின்றால் ஹோலோடைப்பாக, அதாவது புதுப் பெயருக்கு அடிப்படையாக, ஒரே ஒரு மாதிரியைக் குறித்து, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் எழுது. 1999க்குப் பிறகு இதில்லாத பெயர் செல்லாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களைப் பதியும் ஜூபேங்க்கின் பதிவு எண் கட்டுரைக்குள்ளேயே இருக்கவேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி மாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். லத்தீன் இலக்கணப்படி பெயரின் பால் கவனம்: சைனுலேரியா பெண்பால், மன்னாரை வைத்துப் பெயரிட்டால் "மன்னாரென்சிஸ்". சார்கோபைட்டான் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத பொதுப்பால், அங்கே அதுவே "மன்னாரென்ஸே" ஆகும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இங்கே வரும்போது ரயிலில் ஆல்கஹால் பாட்டில் ஏற்றாதே, தீப்பற்றும் பொருளுக்கு அனுமதியில்லை. முள்களை நீ இருக்கும் மண்டபம் ஊரிலேயே கழுவி உலர்த்தி, ஐந்து குப்பிகளில் எண் போட்டுக் கொண்டுவா. நுண்ணோக்கி நேரம் மணிக்கணக்கில்தான் தருவார்கள், முதல் நாளே முள்களை நுண்ணோக்கிக்கான உலோகப் பொத்தானில் ஒட்டித் தங்கப் பூச்சுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்வெட்டரையும் எடுத்து வை, இங்கே சாயங்காலம் ஆனால் குளிர்கிறது.

அன்புடன்,
அம்மா