கூகுளின் பருவநிலைக் குழுவுக்கு: பகல் வெயிலை இரவுக் கணக்கில் எழுதாதீர்கள்

கூகுள் பருவநிலைக் குழுவினருக்கு,

வணக்கம். பெங்களூரு அலுவலகக் கட்டடங்களில் மின்சாரமும் ஏசி பிளான்ட்டும் பார்க்கும் தமிழ்ப் பொறியாளர்கள் எழுதுகிறோம்.

2023இல் உங்கள் மொத்த கார்பன் உமிழ்வு 1.43 கோடி டன், 2019ஐவிட 48 சதவீதம் அதிகம். டேட்டா சென்டர் மின்சாரமும் சப்ளை செயினும்தான் காரணம் என்று மறைக்காமல் எழுதினீர்கள், நல்லது. ஆனால் ஆண்டுக் கணக்கில் 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்கிறீர்கள். அதே 2023இல் மணிவாரியாகப் பார்த்தால் கார்பனில்லா மின்சாரம் 64 சதவீதம்தான். அதுவும் உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. மீதி 36 எங்கே போகிறது?

கர்நாடகாவின் பாவகடா சோலார் பூங்காவின் திறன் 2,050 மெகாவாட். இரவு ஏழு மணிக்கு அங்கிருந்து ஒரு யூனிட்கூட வராது. ஏழிலிருந்து எட்டுக்குள் ஒரு கட்டடம் 1,000 யூனிட் இழுத்தால், இந்திய கிரிட்டில் (பொது மின்கட்டமைப்பில்) யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வீதம் 700 கிலோ கார்பன் டை ஆக்சைடு வானத்துக்குப் போய்விட்டது. (0.7 என்பது ஆண்டுச் சராசரி. இரவில் நிலக்கரியின் பங்கு கூடுவதால் உண்மை எண் இன்னும் மேலேதான்.) மதியம் மிஞ்சிய 1,000 யூனிட்டை பேங்கிங்கில் (கிரிட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில்) போட்டு இரவில் எடுத்ததாக எழுதினால் கணக்கு பூஜ்யம். ஏட்டுச் சுரைக்காய்.

மீட்டர் ஏற்கெனவே 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு, நாளுக்கு 96 கட்டம் என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தந்தக் கட்டத்தின் பயன்பாட்டில் அதே கட்டத்தின் சோலார், காற்றாலை யூனிட்டைக் கழியுங்கள். குறைவதை 0.7ஆல் பெருக்குங்கள். மிச்சத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது டீசல். வாடகைக் கட்டடங்களில் ஜெனரேட்டர் ஓனர் கையில். டீசல் செலவு மெயின்டனன்ஸ் பில்லுக்குள் ஒளிந்துகொள்ளும். லிட்டருக்கு 2.7 கிலோ உமிழ்வு. நல்ல லோடில் லிட்டருக்கு மூன்றரை யூனிட் வரும். கால்வாசி லோடில் மூன்றுகூடத் தேறாது. அப்போது யூனிட்டுக்கு 0.9 கிலோவுக்கும் மேல், கிரிட்டைவிட ரொம்ப மோசம். கொள்முதல் பில்லை நம்பாமல் டேங்க் டிப் அளவையும் (கோல் விட்டுப் பார்த்த டீசல் மட்டம்) ஓடிய மணியையும் மாதாமாதம் கேட்டு வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது சில்லர் கேஸில்தான், அதாவது ஏசி பிளான்ட்டின் குளிர்விக்கும் இயந்திரத்தில் ஓடும் வாயுவில். அப்படி ஒரு வாயுவான ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,300 மடங்கு வெப்பம் பிடிக்கும். பத்து கிலோ கசிந்தால் 13 டன், அதாவது கிரிட்டில் சுமார் 18,500 யூனிட் எரித்ததற்குச் சமம். ஆனால் ‘டாப்-அப் 10 கிலோ’ என்ற வரி சர்வீஸ்காரர் ரிப்போர்ட்டில் கிடக்கும்; கார்பன் கணக்குப் பார்ப்பவர் கண்ணில் படாது. சிலிண்டரை நிரப்புமுன்னும் பின்னும் எடைபோட்டுப் பதியச் சொல்லுங்கள்.

பெங்களூரு அலுவலகங்களின் முதல் 96 கட்டக் கணக்கை ஏப்ரல் மாதத்துக்கு வெளியிடுங்கள். ஜூலையை எடுத்தால் பருவக்காற்றில் காற்றாலை கைகொடுத்துவிடும், ஓட்டை தெரியாது.

இப்படிக்கு,
பெங்களூரு கட்டட மின்பொறியாளர்கள் சிலர்