எறும்புக்குப் பயந்து அடைத்த ஓட்டை

கடலூர்
20 ஜனவரி 2026

அன்புள்ள மல்லிகா,

நவம்பரில் நீ சன்னல் விஷயமாகப் போனில் கேட்டபோது நான் சொன்னது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய்தான். "கடைக்காரன் மட்டமான கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டான், நீ அந்த டபுள் கிளேசிங் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் பக்கமே போகாதே" என்று அரை மணி நேரம் கத்தினேன் அல்லவா? தப்பு முழுக்க என்னுடையது. போனில் சொன்னால் நீ சிரிக்கிற சிரிப்பு தாம்பரத்திலிருந்து இங்கே நேராகவே கேட்கும். அதனால்தான் கடிதம். பொங்கலுக்கு ஒரு வாழ்த்துகூட அனுப்பாமல் கிடந்ததற்கும் இதையே காரணமாக வைத்துக்கொள்.

சில்லறைச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. கதிர் சித்திரையில் வருகிறானாம். போன சித்திரைக்கும் இதையேதான் சொன்னான். பொட்டல வாத்தியாரைத் திருப்பாதிரிப்புலியூர் தேரடியில் பார்த்தேன். "உன்கூட ஒரு நெட்டச்சி சுத்துவாளே, எங்க அவ?" என்றார். ரயில் சத்தத்தில் தூக்கமில்லாமல் கிடக்கிறாள் என்றேன். "பரீட்சை ஹால்ல நல்லாத் தூங்குவாளே" என்றார். மனுஷனுக்கு எண்பதுக்கு மேல் ஆகியும் ஒன்றும் மறக்கவில்லை.

சரி, சன்னல். நீ சாம்பார் வாளியோடு விழுந்த அதே மண்டபம்தான் இன்னும் எங்களுக்கு எதிர்வீடு. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் விடிகாலை மூன்றரைக்கே ஸ்பீக்கரைத் தட்டி "ஹலோ, மைக் டெஸ்டிங்" ஆரம்பித்துவிடுவான். 2021-ல் கதிர் பணம் அனுப்பி, பழைய தேக்குச் சன்னல்களை எடுத்துவிட்டு யூபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போட வைத்தான். படுக்கையறை இரண்டு, ஹால் ஒன்று. தேக்கை எடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் 2011-ல் தானே புயல் அடித்தபோது அதில் ஒரு கதவு பிய்த்துக்கொண்டு போய்ச் செண்பகம் அக்கா வீட்டுத் துளசி மாடத்தில் விழுந்ததே, அன்றிலிருந்தே அவருக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

இரண்டு வருஷம் சொர்க்கம்தான். நாதஸ்வரம் கொசு ரீங்காரம் மாதிரி ஆகிவிட்டது. ஏசியைச் சீக்கிரமே அணைத்துவிடலாம், குளுமை நிற்கும். அப்புறம் 2023 கோடையில் சிற்றெறும்பு வந்தது. எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து போனால், சட்டத்தின் அடியில், வெளிப்பக்கமாக, தபால்பெட்டி வாய் மாதிரிச் சின்னச் சின்னப் பிளவுகள். ஒரு சன்னலுக்கு இரண்டு. செய்தவன் அடைக்க மறந்துவிட்டான் என்றே முடிவு கட்டினேன். எம்-சீல் வாங்கிப் பிசைந்து ஆறையும் அடைத்து, மேலே ஈர விரலால் நீவிவிட்டேன். எறும்பு நின்றது. அந்த நீவலை நானே நாலு நாள் மெச்சிக்கொண்டேன், அவரைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

மல்லிகா, அவை தண்ணீர் வெளியே போகிற ஓட்டைகள்!

எவ்வளவு நல்ல சன்னலாக இருந்தாலும் காற்றோடு மழை அடித்தால் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கத்தான் செய்யுமாம். இறங்குவது கீழ்ப்பள்ளத்தில் சேர்ந்து அந்தப் பிளவு வழியாக வெளியேறும்படிதான் சட்டத்தையே செய்திருக்கிறான். நான் வடிகாலை அடைத்துத் தொட்டி கட்டிவிட்டேன். அந்தத் தொட்டிக்குள் 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை வெள்ளம் இங்கே வந்தது, அதெல்லாம் நீ டிவியில் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாயே. அந்த மூன்று நாளும் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. சன்னலுக்குத் திருஷ்டி சுற்றிப் போடாத குறைதான். உள்ளே வராத தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று நான் யோசிக்கவில்லை.

மாசியில் படுக்கையறைக் கண்ணாடியில் பனி பூத்தது. முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. வெளியே போய் முக்காலி போட்டு ஏறித் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது! காலையில் வரும், வெயில் ஏற ஏற மறையும். ஐப்பசிக்குள் மறைவதும் நின்று, கோலமாவுத் தண்ணீர் காய்ந்த மாதிரி வெள்ளைத் திட்டு நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் நீ போன் செய்தாய். கடைக்காரர் பாவம், ஒரு ஆளை அனுப்பியிருந்தார். அவன் குனிந்து அடியில் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் விட்டால்தானே? "உத்தரவாதக் காகிதத்தை எடுத்து வரட்டுமா?" என்று கேட்டே அவனைத் துரத்தினேன்.

பிறகு புதுச்சேரியில் ஒரு கண்ணாடிக் கடையில் நாங்களே அளவு கொடுத்து, கண்ணாடி மட்டும் செய்யச் சொன்னோம். இது நல்ல சேதி, கேட்டுக்கொள்: நடுவில் பனி பூத்தால் சன்னலையே மாற்றத் தேவையில்லை. சட்டம், கைப்பிடி, கொக்கி எல்லாம் அப்படியே இருக்கும், கண்ணாடி ஜோடி மட்டும் மாறும். ஓட்டை போட்டுக் காயவைத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பு. சூடேற்றி இறுக்கின டஃபண்டு கண்ணாடியில் துளை போட்டால் தூள்தான்.

கெட்ட சேதி, அளவெடுத்தது என் வீட்டுக்காரர். என் தையல் டேப்பை வைத்து. கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்துகிற ஓரப்பட்டியை, அதுதான் பீடிங், கழற்றாமலேயே அளந்து, உள்ளே மறைந்திருக்கிற பாகத்தைக் குத்துமதிப்பாகக் கூட்டிக்கொண்டார். கண்ணாடி வந்தது, பொருத்துகிற தம்பியும் வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும், பேச்சு குறைவு, கை சுத்தம். பட்டி பிளேடை நீளமான பீடிங்கின் நடுவில் செருகி ஒரு தட்டு தட்டினான், அது வில்லாக வளைந்து வெளியே வந்தது. நாலையும் எடுத்துவிட்டுப் பழைய கண்ணாடியை இழுக்கும்போது ஒரு மூலை சுவரில் பட்டது. அவ்வளவுதான், ஒரு பக்கக் கண்ணாடி முழுவதும் கற்கண்டாகக் கொட்டிவிட்டது. புதுசைத் தூக்கி வைத்தால் உயரத்தில் 5 மி.மீ. அதிகம். "கொஞ்சம் தேய்ச்சு விடேன்பா" என்றார் இவர். சூடேற்றி இறுக்கின கண்ணாடியை அதற்கப்புறம் அறுக்கவும் முடியாது, தேய்க்கவும் முடியாதாம். ஏழாயிரத்துச் சில்லறை போயிற்று. இப்போது அது மாடியில் வடகம் காயவைக்கிற பலகை.

அதற்குப் பிறகு அந்தத் தம்பி அடியில் குனிந்து பார்த்தான். "அம்மா, இது யார் அடைச்சது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை, அந்தப் புண்ணியத்தை நான் மறக்க மாட்டேன்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டி எம்-சீலைப் பெயர்த்தான். வந்தது பார், கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு ஒரு தண்ணீர். அதில் மணல், பாசி, செத்த எறும்பு ஒரு கைப்பிடி. வெயில் காலமெல்லாம் வற்றி, ஒவ்வொரு மழைக்கும் நிரம்பி, கண்ணாடியின் அடிவிளிம்பு அதில் ஊறிக்கொண்டே கிடந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒட்டியிருக்கும் பசைதான் அந்த ஜோடிக்கு உயிர். கீழ்ப்பக்கம் அது நகத்தால் சுரண்டினால் உரிந்தது, மேல்பக்கம் இன்னும் டயர் மாதிரிக் கெட்டியாக இருந்தது. இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான். பகலில் சூட்டுக்கு உள்காற்று உப்பும், ராத்திரியில் சுருங்கும், சுருங்கும்போது விட்டுப்போன பசை வழியாக வெளி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

இன்னொன்று காட்டினான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் விளிம்போரமாக ஓடுகிற அலுமினியப் பட்டி, ஸ்பேசராம், உள்ளே குழலாக இருக்கிறது. அதை ஒடித்து என் கையில் கவிழ்த்தான். கடுகுக்கும் ஜவ்வரிசிக்கும் நடுவாந்திரமான மணிகள். மாத்திரை டப்பாவில் ஈரம் இழுக்க ஒரு பொட்டலம் போடுவார்களே, அதே வேலைதான் இவற்றுக்கும். என் உள்ளங்கையை நனைக்கச் சொல்லி, உடைந்த புது ஸ்பேசர் துண்டு ஒன்றிலிருந்து நாலு மணியை அதில் போட்டான். சுருக்கென்று சுட்டது! தண்ணீரைக் குடிக்கிற வேகத்தில் சூடாகிறது. என் சன்னலின் மணிகளைப் போட்டான். சும்மா கிடந்தன. ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்தாயிற்று.

சரியான அளவில் மறு கண்ணாடி வர பதினாறு நாள் ஆனது. அதுவரை படுக்கையறைச் சன்னலில் கொசுவலை மட்டும். நான் சொல்ல வந்ததே இதைத்தான், மல்லிகா. இரண்டாம் நாள் காலை செண்பகம் அக்கா சுவரோரம் நின்று, "உங்க வீட்டுக் குக்கர் விசில் கேக்குதுடி! அஞ்சு வருஷமாச்சு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

போன வைகாசியில் நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணி இருக்கும், செண்பகம் அக்கா வீட்டு மாமாவுக்கு நெஞ்சுவலி. அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏசி ஓடுகிறது, கண்ணாடி சாத்தியிருக்கிறது, என் போன் ஹாலில் சார்ஜில். கடைசியில் ஓடி வந்தது மண்டபத்து வாட்ச்மேன். இத்தனை வருஷம் எந்த மண்டபத்தைத் திட்டித் தீர்த்தேனோ, அங்கேயிருந்து. மாமா பிழைத்துவிட்டார், இப்போது மஞ்சக்குப்பம் வரை நடந்துபோய் வருகிறார். காலையில் பால் வாங்கப் போன பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். அக்கா ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

புதுக்கண்ணாடி மாட்டிய அன்றே அவரை அனுப்பி ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். பித்தான் அக்கா கட்டிலோரம், மணி என் தலைமாட்டில்.

இனி உன் வீட்டு விஷயம். ஹாலுக்கு இரட்டைக் கண்ணாடி போடாதே, அது என் தீர்மானமான கருத்து. சாயங்காலக் காற்றைச் சாத்தி வைத்துவிட்டு ஏசி போடுவதற்கா வீடு கட்டினோம்? ஏசி இருக்கிற படுக்கையறைக்கு மட்டும் போட்டுக்கொள். ரயில் சத்தத்துக்காகத்தானே, இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனில் வேண்டாம் என்று சொல். எங்களுடையது 6 மி.மீ., நடுவில் 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 6. ஒரே மாதிரி இருந்தால் இரண்டும் ஒரே சத்தத்துக்குச் சேர்ந்து அதிருமாம். ஒன்று தடியாக ஒன்று மெல்லிசாக இருந்தால், அல்லது ஒன்று நடுவில் படலம் ஒட்டிய லேமினேட்டட் ஆக இருந்தால், சத்தம் இன்னும் அடங்கும். விளிம்புப் பசை பக்கத்தில் வினிகர் நாற்றம் அடிக்கிற சிலிகானை யாரையும் வைக்க விடாதே, அது அந்தப் பசையையே கெடுக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்கு. கண்ணாடி நேராகச் சட்டத்தில் உட்காரக் கூடாது, அடியில் இரண்டு பிளாஸ்டிக் கட்டை வைக்கிறானா என்று பார். நீ பக்கத்தில் நின்றால் வைப்பான்.

ஏசி ஓடும்போது விடிகாலையில் வெளிப்பக்கம் வேர்த்தால் பயந்துவிடாதே, அது வெளிக்காற்றின் ஈரம். நடுவில் பூத்தால்தான் வியாதி. எங்களுக்குக் கடல் உப்பும் சேர்ந்து கீலெல்லாம் டீக்கறை பிடித்துவிட்டது, ஸ்டெயின்லெஸ்ஸில் 316 என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டுமாம். இப்போது மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கிறேன். தின்னர் போட்டுத் துடைத்தால் யூபிவிசி போய்விடும். மழைக்காலத்துக்கு முன்னால் கீழ்ப்பள்ளத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே ஓடிப்போய்ப் பார்க்கிறேன், ஒழுகுகிறதா என்று. இவர் அதைச் சன்னலுக்கு அபிஷேகம் என்கிறார்.

பழைய கடைக்காரரிடம் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. ஹால் சன்னல் ரப்பர் ஒன்று சுருங்கியிருக்கிறது, அதை மாற்றுகிற சாக்கில் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். நீ மாசி மகத்துக்கு வந்தால் தேவனாம்பட்டினம் தீர்த்தவாரி பார்த்துவிட்டுச் சேர்ந்தே அவர் கடைக்குப் போகலாம். உன்னைப் பார்த்தால் அவருக்கு நான் தேவலாம் என்று தோன்றும்.

காலிங் பெல் இதுவரை பதினோரு தடவை அடித்திருக்கிறது. ஒன்று சிலிண்டர் தீர்ந்ததற்கு, மீதி பத்தும் கறிவேப்பிலைக்கு. ஒவ்வொரு தடவையும் ஓடத்தான் ஓடுகிறேன்.

உன்
வசந்தா

பி.கு.: அளவெடுக்கும்போது பீடிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டீல் டேப்பால், அகலத்தில் மூன்று இடம், உயரத்தில் மூன்று இடம். கிடைக்கிற அளவில் சின்னதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. கழிக்கணும். உன் வீட்டுக்காரரை அளக்க விடாதே.