சீன் 42-இல் தண்ணீர் இல்லை

திருவையாறு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆறு வருஷம் சினிமாவில் உதவி டைரக்டராகக் கிளாப் அடித்து, கன்டினியூட்டி எழுதி, பேட்டாவுக்குக் காத்துக் கிடந்தாய். கடைசியில் ஒரு தயாரிப்பாளர் உன் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "கதை நல்லாருக்கும்மா, நல்ல விலை தர்றேன். டைரக்‌ஷன் வேற ஆள் பண்ணட்டும்" என்றாராம். உனக்கு வாடகை பாக்கி இருப்பதும் எனக்குத் தெரியும். அதனால் "முடியாதுன்னு சொல்லிடு" என்று எழுதக் கை சட்டென்று வரவில்லை.

ராத்திரி தூக்கம் பிடிக்காமல் நம் ஊர் டி.பி. ராஜலட்சுமியை நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டிக்கு எழுதித் தந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், 1931, நாயகன் தெலுங்கில் பேச இவர் தமிழில் பேசினார் என்று கணீரென்று சொன்னாய். கைதட்டலில் அடுத்த பக்கத்தை மறந்து இறங்கி வந்துவிட்டாய்.

விஷயமே அந்த அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. சின்ன வயசில் நடந்த கல்யாணம் நிலைக்காமல் நாடகக் கம்பெனிக்குப் போய்ப் பிழைத்த பெண். தான் எழுதிய கமலவல்லி நாவலை 1936-இல் 'மிஸ் கமலா' என்று தானே படமாக எடுத்தார். கதை, டைரக்‌ஷன், தயாரிப்பு, நடிப்பு எல்லாம் அவரே. மகளுக்கும் கமலா என்றே பேர் வைத்தார். அவருக்குப் பேரும் சொந்தக் கம்பெனியும் இருந்தன, உனக்கு இரண்டும் இல்லை. நீ இதைத்தான் சொல்வாய் என்று தெரியும். ஆனால் கதையை விற்றால் அவை வந்துவிடுமா என்ன?

மூன்று மாத வாடகையை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். திருப்பித் தரலாம், அவசரமில்லை. ஸ்கிரிப்டை முதலில் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு பண்ணு. பதிவு பண்ணாமல் ஊரெல்லாம் கதை சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் எனக்குக் கோபம்.

பவுண்ட் ஸ்கிரிப்டை இரண்டு தரம் படித்துவிட்டேன். அத்தை பேசுகிற இடமெல்லாம் அப்படியே என் அக்காதான். ஒரே ஒரு தப்பு. சீன் 42, சித்திரை மாசம், அந்தப் பெண் காவிரியில் மார்பளவு தண்ணீரில் நிற்கிறாள். சித்திரையில் ஏதம்மா தண்ணீர்? மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் இங்கே வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். சித்திரையில் வெறும் மணல்தான். நீயும் உன் தம்பியும் அந்த மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடுவீர்களே, மெட்ராஸ் போய் மறந்துவிட்டாயா? வேறு ஆள் எடுத்தால் லாரியில் தண்ணீர் கொண்டுவந்தாவது அவளை அதில் நிற்க வைத்துவிடுவார்.

மணலிலேயே நிற்கட்டும். காலில் செருப்பு வேண்டாம், சூடு தெரியும்.

பஸ் பார்சலில் தட்டை வருகிறது. அம்மா கொஞ்சம் காரம் கூடப் போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா