சங்கக்காரவின் இடத்துக்கு ஒரு பந்துவீச்சாளரைக் கொண்டுவாருங்கள்

டூட்டிங், தெற்கு லண்டன்
அக்டோபர் 2017

சர்ரே கிரிக்கெட் கழகத்தின் கிரிக்கெட் இயக்குநர் அலெக் ஸ்டூவர்ட் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும்,

வணக்கம்.

ஓல்ட் ட்ரஃபர்டில் கவுண்டி பருவத்தின் கடைசி ஆட்டமும் முடிந்துவிட்டது. குமார் சங்கக்கார 1,491 ஓட்டங்களோடு நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் இன்னமும் 1,500க்கு மிச்சமிருந்த அந்த ஒன்பது ஓட்டங்களைப் பற்றித்தான் பேச்சு. பத்தே ஆட்டங்கள், எட்டுச் சதங்கள், சராசரி 106.50. நாற்பது வயதை எட்டும் ஒருவர் இப்படி ஆடிவிட்டு மட்டையை வைப்பதை இனி நாங்கள் பார்க்கப் போவதில்லை.

அவருடைய இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல். இன்னொரு சங்கக்காரவைத் தேட வேண்டாம். ஒரு பந்துவீச்சாளரைக் கொண்டுவாருங்கள். ஏப்ரலில் வந்தால் செப்டெம்பர் வரை நிற்கக்கூடியவராகப் பாருங்கள்.

அவர் அருமை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. எங்களைப் போன்ற இலங்கைத் தமிழர்கள் பலருக்கு இலங்கை அணியை ஆதரிப்பது அவ்வளவு எளிதான காரியமில்லை. ஆனால் 1983 கலவரத்தின்போது கண்டியில் தன் பெற்றோர் வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் ஒளிந்திருந்ததை 2011இல் லோர்ட்ஸ் மேடையில் நின்று வெளிப்படையாகச் சொன்னவர் சங்கக்கார. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, எந்த அணிக்கு ஆடினாலும் அவர் எங்களுக்கு வேண்டியவராகிவிட்டார். 2015இல் நீங்கள் அவரை நம் ஓவல் மைதானத்துக்கு அழைத்து வந்தபோது, அதுவரை கவுண்டி ஆட்டம் பக்கமே போகாத என் மனைவிகூட உடன் வந்தார். அந்த நன்றி எப்போதும் உண்டு.

இந்த மே மாதம் லோர்ட்ஸில் மிடில்செக்ஸுக்கு எதிராக 114, 120. அடுத்து செல்ம்ஸ்ஃபோர்டில் 200. அதோடு தொடர்ந்து ஐந்து இன்னிங்ஸ்களில் ஐந்து சதங்கள். செல்ம்ஸ்ஃபோர்டில் சர்ரே 31 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து நின்றது. மறுமுனைக்கு வந்தவர் சாம் கரன், அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இருவரும் சேர்ந்து 191 ஓட்டங்கள் சேர்த்தார்கள். சங்கக்கார போனால் 31க்கு 5 என்ற நிலையில் யார் கைகொடுப்பார்கள் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், அன்று மறுமுனையில் நின்ற அந்தப் பையன்தான். ரோரி பேர்ன்ஸ் இருக்கிறார், மார்க் ஸ்டோன்மன் இருக்கிறார், பென் ஃபோக்ஸ் இருக்கிறார். பத்தொன்பது வயது ஒலி போப் ஆடுவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடிவதில்லை. நான்காம் இடத்தை இன்னொரு பெரிய வெளிநாட்டுப் பெயருக்குக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் எப்போது வளர்வது?

ஓட்டம் இந்த ஆண்டும் நமக்குக் குறைவில்லாமல்தான் வந்தது. பதினான்கு ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு. தோற்றதும் இரண்டுதான். மீதிப் பத்தும் சமநிலை. எதிரணியின் இருபது விக்கெட்டுகளையும் எடுக்க நம்மிடம் ஆள் போதவில்லை.

ஓவலில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெரியவர் வந்து உட்காருவார். மடியில் ஸ்கோர் புத்தகம், காதிடுக்கில் பென்சில். பந்துக்குப் பந்து எழுதுவார். சங்கக்கார ஒரு காலை மடித்துக் குனிந்து கவர் பக்கம் அடிக்கும்போது மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, பந்து எல்லைக்கோட்டைத் தொடும் வரை பார்த்திருந்து, அப்புறம்தான் நாலு என்று குறிப்பார். இந்தக் கோடையில் ஒரு நாலாம் நாள் பிற்பகல், எதிரணி தோல்வியைத் தவிர்க்கக் கட்டை போட்டுக்கொண்டிருந்தது. தேநீர் இடைவேளையில் அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கம் முழுக்கப் புள்ளிகள், வரிசை வரிசையாக. விக்கெட் விழுந்த குறி ஒன்றுகூட இல்லை. "யார் எடுப்பது?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

ஐயா, இதில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் யார்? 1991இல் வக்கார் யூனிஸ் சர்ரேக்காக 113 விக்கெட்டுகள் எடுத்தபோது அதே உடைமாற்றும் அறையில் இருந்தவர் நீங்கள். 1999இல் சக்லைன் முஷ்தாக் ஏழே ஆட்டங்களில் 58 விக்கெட்டுகள் எடுத்தார், கவுண்டி சாம்பியன்ஷிப் கிண்ணம் வந்தது. 2000இலும் 2002இலும் மறுபடி வந்தது. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளாக முதல் பிரிவுக் கிண்ணம் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பெரிய துடுப்பாட்டப் பெயர்களை நம்பி என்ன ஆனோம் என்பதற்கு 2013 போதும். கிரேம் ஸ்மித்தைத் தலைவராக்கி மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டோம். பருவத் தொடக்கத்திலேயே கணுக்கால் காயத்தோடு ஊர் திரும்பினார். ரிக்கி பொன்டிங் வந்தார். முதல் ஆட்டத்தில் 192. தன் கடைசி முதல்தர இன்னிங்ஸில் ஓவலில் ஆட்டமிழக்காமல் 169. மனிதர் அள்ளிக் கொடுத்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில வாரங்களில் போய்விட்டார், அந்த ஆண்டு நாம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம்.

முழுப் பருவத்துக்கும் ஆள் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான். நான்கு நாள் ஆட்டத்தில் ஒரே ஒரு வெளிநாட்டு வீரருக்குத்தான் இடம். ஏப்ரல், மே மாதங்களில் ஐபிஎல். ஆகஸ்டில் கரீபியன் லீக். சங்கக்காரகூட ஜமேக்கா அணிக்குப் போனதால் எல்லா ஆட்டங்களிலும் ஆட முடியவில்லை. இன்று உச்சத்தில் இருக்கும் எந்த வீரரை எடுத்தாலும் பாதிப் பருவம்தான் கிடைப்பார். ஆக, தன் நாட்டு அணியில் ஆட்டம் முடிந்த, அல்லது முடியப் போகிற, ஆனால் கையில் இன்னும் வேகமும் பசியும் உள்ள ஒருவரைப் பாருங்கள். கோல்பக் வழியாக, அதாவது தென்னாப்பிரிக்கர் போன்றவர்கள் வெளிநாட்டு வீரராகக் கணக்கில் வராமல் கவுண்டியில் ஆடும் வழியில் வந்தாலும் சரி. சிலருக்கு அந்த வழி பிடிக்கவில்லை என்பது தெரியும், தென்னாப்பிரிக்க ரசிகர்களின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஆண்டு எசெக்ஸைப் பாருங்கள். இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த வேகத்தில் தோல்வியே இல்லாமல் கிண்ணத்தைத் தூக்கினார்கள். அவர்களுக்கு சைமன் ஹார்மர் எடுத்துக் கொடுத்தது 72 விக்கெட்டுகள். அவர் வந்தபோது இங்கே எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

வருகிறவர் உயரமானவராக, ஓவலின் தட்டையான ஆடுகளத்திலும் பந்தை எழுப்பக்கூடியவராக இருந்தால் நல்லது. சாமும் அண்ணன் டொமும் அவரிடம் கற்றுக்கொள்வார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லோர்ட்ஸில் ஒருநாள் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்ற அணி இது. அந்த வலியையும் புரிந்துகொள்ளக்கூடிய, தோற்றுப் பார்த்த மனிதராக இருந்தால் இன்னும் நல்லது.

சங்கக்காரவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு வாரம், முடியாவிட்டால் இரண்டு நாள், ஓவலுக்கு வந்து பையன்களோடு வலைப்பயிற்சியில் நிற்க முடியுமா என்று. மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

முடிவை முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு முன் அறிவித்துவிடுங்கள். உறுப்பினர் சந்தாவை நான் எப்படியும் புதுப்பிப்பேன். அந்தப் பெரியவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
டூட்டிங்கிலிருந்து ஒரு சர்ரே உறுப்பினர்