அக்காவின் பெட்டியைச் சுற்றி எழுந்த புகை

அன்புள்ள மக்கா,

உன் அக்காவின் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. போனில் எல்லாவற்றையும் சொல்லவும் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக நடந்தது. முட்டத்தில் அன்று காற்று பலம், உங்கள் தெருவில் யாரும் கடலுக்குப் போகவில்லை. அக்காவின் இளைய மருமகன் தலைமாட்டில் நின்றவன் கடைசிவரை விலகவே இல்லை.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்லவேண்டும். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் இறங்கி வந்து பெட்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார், பிறகு தூபக் கலசத்தை வாங்கிச் சுற்றிலும் ஆட்டினார். அந்தச் சாம்பிராணிப் புகைக்குள் அக்காவின் கைகள் தெரிந்தன, செபமாலை சுற்றிய கைகள். எத்தனை வருடம் மீன் கூடை சுமந்த உடம்பு அது, சுமந்து சுமந்து கழுத்தே ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. பலிபீடத்துக்குக் காட்டுகிற அதே புகையை அந்த உடம்புக்குக் காட்டினார்கள். புராட்டஸ்டண்ட்காரனான நான் எத்தனையோ கத்தோலிக்க அடக்கத்துக்குப் போயிருக்கிறேன், ஆனால் எப்போதும் வெளியே நிழலில் நின்றுவிட்டு வந்துவிடுவேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. உபதேசியாரிடம் கேட்டேன், ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடம்பு, தூய ஆவி குடியிருந்த கோவில், அதற்குச் செய்கிற மரியாதை என்றார்.

உடனே என் அப்பாவின் அடக்கம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் போதகர் நல்ல செய்தி கொடுத்தார், பாட்டும் ஜெபமும் குறைவில்லாமல் இருந்தன, நானும் அழுதேன். ஆனால் எல்லாமே காதுக்குத்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் நின்றேன். கடைசியில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் போட்டேனே, அந்த ஒரு நிமிஷம்தான் அப்பாவுக்கு நான் ஏதோ செய்தது மாதிரி இருந்தது.

கல்லூரி முடிந்து நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆராதனையில் உடம்புக்கு என்ன வேலை என்று நாம் எவ்வளவு வழக்காடியிருப்போம்! நான் எப்போதும் யோவான் நான்காம் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்வேன், தேவன் ஆவியாயிருக்கிறார், ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளவேண்டும், அப்புறம் முழந்தாளும் தீர்த்தமும் எதற்கு என்பேன். அப்படியானால் வார்த்தை ஏன் மாம்சமாகி இயேசுவாக வரவேண்டும் என்று நீ கேட்பாய். அதற்குள் எனக்கு நெய்யூர் பஸ் வந்துவிடும். அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை, இல்லையா?

இப்போது ரிட்டயர் ஆகி நேரம் இருப்பதால் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். நான் நினைத்திருந்தது பாதி தப்பு. எங்கள் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் போடு, முழங்காலிட்டோ நின்றோ விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சொல் என்றுதான் இருக்கிறது. சிலுவை அடையாளம், மக்கா! எங்கள் வீட்டில் அதைப் போட்டால் பாட்டி கையைத் தட்டிவிட்டிருப்பாள். இன்னொரு சீர்திருத்தக்காரர் கால்வின் எவ்வளவு கண்டிப்பானவர், அவரும் ஜெபத்தில் முழங்காலிடுவதும் தலையிலிருப்பதை எடுப்பதும் தேவபயத்தில் நாம் வளர்வதற்கான பயிற்சி என்கிறார். சூரிச்சில் ஸ்விங்லிதான் தூரமாகப் போனவர், 1524இல் கோவில் சுரூபங்களை, அதாவது சிலைகளை எல்லாம் எடுத்தார்கள், 1527இல் பெரிய கோவிலின் ஆர்கன் வாத்தியத்தையும் கழற்றினார்கள். இத்தனைக்கும் அவர் பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. உடம்பு பழக்கத்தில் தானாகக் குனிந்துகொண்டிருக்க, மனம் சந்தையில் நிற்கலாம். அது எனக்கே தினமும் நடக்கிறது, ஆனால் குனியாமல் உட்கார்ந்திருக்கும்போதும்தான் நடக்கிறது.

ரோமர் 12:1 எங்களுக்கு மனப்பாடம். எங்கள் வேதாகமத்தில் “உங்கள் சரீரங்களை” ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், அதுதான் “புத்தியுள்ள ஆராதனை” என்று வருகிறது. உங்கள் திருவிவிலியத்தில் அந்த இடம் “உள்ளார்ந்த வழிபாடு”. நாங்கள் இத்தனை வருடமும் புத்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதே வசனத்தில் முன்னால் நிற்கிற சரீரத்தை விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதுவும் நம் கன்னியாகுமரி ஜில்லாவில் நாங்கள் அதை மறக்கவே கூடாது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து தொடங்கிய சபைகள் எங்களுடையவை. அந்தச் சபைப் பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை போட்டுத் தோளை மூடியதற்காகத்தானே மேல்சாதிக்காரர்கள் சந்தைகளில் துணியைக் கிழித்தார்கள், ஆலயங்களைக் கொளுத்தினார்கள். 1859இல் திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டு மேலாடை அனுமதிக்கும்வரை எத்தனை வருடப் பாடு! மூடிய தோளோடு ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்தார்களே, எங்கள் சபையின் முதல் ஆராதனை அதுதான் என்று நான் சொல்லுவேன். பிரசங்கம் அப்புறம்தான். உடம்புக்கும் ஆராதனைக்கும் சம்பந்தமில்லை என்று அந்தப் பெண்களிடம் யாராவது சொல்லியிருக்க முடியுமா?

சரி, எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைக்காதே. கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்து போகிறவர்களைப் பார்த்து முன்பு முகம் திருப்பியிருக்கிறேன். இப்போது திருப்பமாட்டேன். அந்த ரோட்டில் விழுந்து எழுகிறவர் என்ன சுமையோடு வந்தார் என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் கோவாவில் இருக்கும் சவேரியாரின் உடம்பைத் தரிசிக்கப் போவது, புனிதர்களின் எலும்பைத் தொட்டு வேண்டுவது, அதற்கு என் மனம் இன்னும் வரவில்லை. செத்தவர் உடம்புக்கு மரியாதை வேறு, அதன் வழியாக வரம் எதிர்பார்ப்பது வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. நீ இதற்கு மறுப்பு எழுதுவாய், எழுது, காத்திருக்கிறேன்.

என் சமாச்சாரம் அதிகம் ஒன்றுமில்லை. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, தரையில் உட்காரக் கூடாது, மண்டிபோடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா காலத்திலிருந்து ராத்திரி குடும்ப ஜெபம் நாற்காலியைப் பிடித்து முழங்காலில்தான். இப்போது மற்றவர்கள் முழங்காலில் இருக்க நான் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெபத்தில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. முழங்கால் போன பிறகுதான் அது இத்தனை நாளும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது தெரிகிறது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காலிடாமல் நின்றே ஜெபிக்கவேண்டும் என்று விதித்தது, அது உயிர்த்தெழுந்த நாள் என்பதால். அதைப் படித்ததும் கொஞ்சம் ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது சுவரைப் பிடித்து நின்றுகொள்கிறேன்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்கு நான் போகிறேன், உன் இடத்தில் நிற்பதாக மருமகனிடம் சொல்லிவிட்டேன். நற்கருணை வாங்க வரமாட்டேன், அது எனக்குத் தெரியும். வாசலில் இருக்கிற தீர்த்தத் தொட்டியில் கைவிரலை வைத்து நெற்றியில் தொட்டுக்கொள்ளலாமா? உள்ளே போகும்போது எல்லாரும் செய்வார்கள், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு போக மனம் இல்லை. உங்கள் ஆட்களுக்கு வருத்தம் இருக்காதே? அதற்கு முன் பதில் போடு.

உன்,
நெய்யூர்க்காரன்