ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு

சங்ககிரி

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ வாங்கிய பழைய பெட்ரோல் கார் ஓராண்டில் ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்றும், ஓடாத வண்டிக்கு எதற்காக ஆயில் மாற்ற வேண்டும் என்றும் போனில் கேட்டாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் உனக்கு நம்பிக்கை வராது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கோவை சரவணம்பட்டியில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நான்கு கிலோமீட்டர் போய்வருகிற உன் காரின் இன்ஜின், இங்கிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற நம் லாரியின் இன்ஜினைவிட, ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தேய்கிறது என்பது என் கணிப்பு. லாரி ஒருமுறை சூடேறினால் பல மணி நேரம் அதே சூட்டில் ஓடும். ஆயிலில் கலந்த ஈரமெல்லாம் ஆவியாகி வெளியேறிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. காலையில் சைலன்சர் முனையில் சொட்டுகிற தண்ணீர் அதுதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்குகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலும் கூடுதலாகத் தெளிக்கப்படுவதால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே சேர்கிறது. மீட்டரில் சூட்டு முள் நடுவுக்கு வந்துவிட்டாலும், ஆயில் நன்றாகச் சூடாவதற்கு அதன் பிறகும் நேரம் பிடிக்கும். அதற்குள் நீ அலுவலகம் போய்ச் சேர்ந்து சாவியைத் திருப்பிவிடுகிறாய்.

ஆகவே உன் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது, மாதக் கணக்குதான் பொருந்தும். பெரும்பாலான கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அதே கையேட்டில் பின்பக்கமாக, குறுகிய தூரமே ஓடும் வண்டிகளுக்கும் தூசியில் ஓடும் வண்டிகளுக்கும் இன்னும் சீக்கிரமாக மாற்றச் சொல்லி ஒரு குறிப்பு இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நீ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் அது வீண் செலவு ஆகாது. எந்த ஆயில் என்பதையும் அந்தக் கையேடே சொல்லட்டும். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று பட்டறையில் யாராவது சொன்னால் கேட்காதே. நம் லாரிக்கு ஊற்றுகிற 15டபிள்யூ-40 ஆயில் அதற்குச் சரி. அதைவிட இளகிய 5டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினுக்கு அதை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே வால்வு வரை ஆயில் ஏறுவதற்குத் தாமதமாகும், தேய்மானம் அந்தச் சில நொடிகளில்தான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிறுத்தியபடியே பானெட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவி, துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல், ஏனென்றால் இன்ஜினின் அடியில் இருக்கும் கிராங்க் தண்டு சுழன்று அடிக்கும்போது ஆயில் நுரைத்துவிடும், நுரை எதையும் காக்காது. ஆயில் ஊற்றும் மூடியையும் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்துவிடு. மோர் ஏடுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தால், பெரும்பாலும் அது நான் மேலே சொன்ன ஈரம்தான். ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால், அது ஆயிலோடு கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்.

இதற்கெல்லாம் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. வாரத்தில் ஒருநாள் சத்தி ரோட்டில் அன்னூர் வரை நிற்காமல் ஓட்டிப் போய்த் திரும்பி வா. ஆயிலில் உள்ள ஈரமும் போகும், பேட்டரியும் ஏறும். ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுத்துவிடுகிறது. நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில், அதுவும் ஏசியும் விளக்கும் போட்டுக்கொண்டு போனால், அதை முழுவதும் திருப்பிக் கொடுக்க முடியாது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யச்சொல். வண்டியை வாசலிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது இந்த ஓட்டத்துக்கு ஈடாகாது, பெட்ரோல்தான் போகும். கதவு சாத்திய ஷெட்டுக்குள் அப்படி ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. இங்கே போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். சிறுவாணித் தண்ணீர்தான் நல்லதாயிற்றே என்று நீ சொல்லக்கூடும்; குடிப்பதற்கு அதற்கு நிகரில்லை, ஆனால் துருவைத் தடுக்கிற மருந்து அதிலும் இல்லை. கையேடு சொல்லும் கூலண்டை டிஸ்டில்ட் வாட்டருடன் கலந்துதான் ஊற்ற வேண்டும். வழியில் சூட்டு முள் சிவப்புக்குப் போனால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திரு. மூடியைத் தொடாதே. உள்ளே அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிற தண்ணீர், மூடியைத் திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஆயில் குடம்போல் இருக்கிற சிவப்பு விளக்கு எரிந்தாலும் இதே கண்டிப்புதான். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதே.

ஓடாமலே கிழடாகிறவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. சரவணம்பட்டி சிக்னலில் இந்த வித்தியாசம் உனக்குத் தெரியாது. திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தெரியும். பிரேக் ஆயில் கொதித்தால் மிதி அப்படியே தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடு; தாளவாடி போய்த் திரும்பும்போது, அந்த மலைப்பாதையில் ஏறிய கியரிலேயே இறங்கு. மைலேஜுக்காக நியூட்ரலில் விடுகிறவர்கள் பேச்சை, அவர்கள் மாப்பிள்ளையின் நண்பர்களாகவே இருந்தாலும், காதில் வாங்காதே.

மற்றொன்று டயர். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுப்படி பிடி, ஸ்டெப்னியையும் மறக்காதே. தரையில் படுகிற பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறைவாக ஓடிய பழைய கார்களில் பட்டன் புதிதுபோலவே இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும்.

ஏர் ஃபில்டரைச் சர்வீஸில் கழற்றிக் காட்டச்சொல், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எலிக்கு இன்ஜினுக்குள் புகையிலைத் தண்டு கட்டிவைக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள். அது பலிக்குமா என்பதில் எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு இருக்கிறது. இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் இருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து ஒயர்களை ஒருமுறை பார்த்துக்கொள், அது போதும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஐந்து டயர்களின் பக்கவாட்டிலும் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு வரும் எண்ணைப் படமெடுத்து அனுப்பு. அதன் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். அவ்வளவு பழையதாக இருந்தால், அடுத்த முறை தாளவாடிக்குக் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடலாம். பணத்தை நான் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா